தயிர் உறைந்தால் அவள் சொல்

போன புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பற்றீரியாக் கிருமிகளுக்கு எதிராகப் போர்ப் பிரகடனம் செய்தேன். எட்டே காலுக்கு என் மனைவி ஸம்ஸியா, "நீங்க கத்தி முடிஞ்சிட்டெண்டா இந்தத் தேங்காயத் துருவித் தாங்க" என்றாள். துருவிக் கொடுத்தேன். எட்டரைக்குப் போர் தொடர்ந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் மசூர். முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞான ஆசிரியர். ஓய்வு பெற்று ஏழு மாதமாகிறது. சாய்ந்தமருது ஊரில் எங்கள் குறுகலான ஒழுங்கையில் "மசூர் சேர்" என்றால் பூனைக்கும் தெரியும். வகுப்பில் நான் "ம்" என்று தொண்டையைச் செருமினால் நாற்பது பிள்ளைகள் மூச்சை அடக்குவார்கள். வீட்டில் செருமினால், "கொத்தமல்லி அவிச்சித் தரவா?" என்று கேட்பார்கள்.

வீடு என்று சொன்னேன். அது என் வீடு இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். இது ஸம்ஸியாவுக்கு அவள் வாப்பா கட்டிக் கொடுத்த வீடு. இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு சூட்கேசோடு நான் வந்து இறங்கினேன். இப்போது மகள் றிப்னாவுக்குச் சம்பந்தம் பேசியாகிவிட்டது. கலியாணத்துக்குப் பிறகு இந்த வீடு அவளுக்கும் மாப்பிள்ளை பஹ்மிக்கும். நாங்கள் பின்பக்கம் கட்டியிருக்கும் இரண்டு அறைகளுக்குப் போவோம். அதாவது, மாமனார் வீட்டில் இருந்தவன் நேரே மருமகன் வீட்டில் இருக்கப் போகிறேன். நடுவில் ஒரு நாளாவது, ஒரே ஒரு விஷயத்திலாவது, இந்த வீட்டில் என் சொல் எடுபட வேண்டும். இது என் நீண்ட நாள் ஆசை. சிரிக்காதீர்கள்.

அந்த ஒரு நாள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் பகல் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். பஹ்மியின் வாப்பா அப்துல் ஸமட் லேசுப்பட்ட ஆளில்லை. ஓய்வு பெற்ற சுகாதாரப் பரிசோதகர். அவர் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ஈயை விரட்டிவிட்டு ஸலாம் சொல்வார்களாம். அப்படிப்பட்டவருக்கு முன்னால் ஒரு விஞ்ஞான ஆசிரியரின் வீடு எப்படி இருக்க வேண்டும்? சோதித்துப் பார்த்தால் ஒரு கிருமியும் அகப்படக் கூடாது.

இந்த நேரம் பார்த்து எனக்குச் செவ்வாய்க்கிழமை வயிற்றால் போனது. ஒரு நாளில் பதினொரு தடவை. காரணம் எனக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை பின்னேரம் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு கடையில் ஒரு முழுக் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். ஆனால் வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? யார் தலையிலாவது போட வேண்டுமே. சமையலறையில் ஸம்ஸியாவின் தயிர்ச் சட்டி பேசாமல் இருந்தது. திருப்பிப் பேசாத ஒரே சாமான் அந்த வீட்டில் அதுதான்.

"இஞ்ச பாரு ஸம்ஸியா. எனக்கு வயித்தால போனதுக்குக் காரணம் இந்தச் சட்டி."

"அப்ப எனக்கும் றிப்னாக்கும் ஏன் போகல்ல?"

"உங்களுக்குப் பழகிப் போயிற்று. இருபத்தாறு வருஷமா இந்தச் சட்டிக்கு ஒரு நாளாவது சவுக்காரம் போட்டிரிக்கியா?"

"தயிர்ச் சட்டிக்கு ஆராவது சவுக்காரம் போடுவாங்களா? கொதிதண்ணி ஊத்தி வெயில்ல காயவெக்கிற."

"அதுக்குள்ள கோடிக்கணக்கில பற்றீரியா குடியிரிக்கி."

"இரிந்திட்டுப் போகட்டும். நீங்களும்தானே இரிக்கிறயள்."

நான் விடவில்லை. கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். நமது உடம்பிலுள்ள ஒவ்வொரு சின்னக் கலத்துக்கும் நடுவில் கரு என்று ஒன்று இருக்கிறது. அதுதான் கலத்தை ஆள்வது. பற்றீரியாவுக்கு அந்தக் கருவே இல்லை.

"வெளங்குதா? தலைவன் இல்லாத வீடு மாதிரி. நாதியத்த சீவன். அதையா சம்பந்தி வீட்டாருக்குச் சட்டியில வெச்சிக் குடுக்கப் போறாய்?"

"எவ்வளவு காலமா அதுகள் இப்பிடிக் கரு இல்லாமச் சீவிக்கிது?"

"முன்னூற்றைம்பது கோடி வருஷம்."

"ம்" என்றாள் ஸம்ஸியா.

அந்த "ம்"மை நான் கவனித்திருக்க வேண்டும். பாடம் விளங்கிவிட்டது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த பாடம் ஸஹன். பெரிய தட்டொன்றில் சோற்றைக் குவித்து, கறிகளை வைத்து, சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். கடைசியில் அதே ஸஹனில் தயிரும் சீனியும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்து முடிப்போம். ஆறு கைகள் என்றால் எத்தனை கோடி பற்றீரியா! ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பை, ஆளுக்கொரு கரண்டி, சாப்பாட்டுக்குப் பிறகு முத்திரை உடைக்காத கப்பில் ஏதாவது இனிப்பு. இதுதான் என் திட்டம்.

"சம்பந்தி வீட்டாருக்கு ஆளுக்கொரு கோப்பையா? நாம விருந்து குடுக்கிறமா, வார்டில சாப்பாடு பங்கிடுறமா? அஞ்சு நேரமும் ஒழு எடுத்துக் கழுவுற கையில என்ன ஊத்தையக் கண்டீங்க?"

"விஞ்ஞானம் உனக்கு வெளங்காது."

"எனக்கு என்ட தயிர் வெளங்கும். இந்த இருபத்தாறு வருஷத்தில ஒரு நாளாவது அது உறையாமப் போயிரிக்கா?"

உண்மையில் போனதில்லை. சொறிக்கல்முனையிலிருந்து சீனித்தம்பி அண்ணன் எருமைப்பால் கொண்டுவந்து ஊற்றுவார். அவள் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, நேற்றைய தயிரிலிருந்து எடுத்து வைத்த உறையில் ஒரு கரண்டி விட்டு மூடிவைப்பாள். விடிந்தால் தயிர். கல்முனைக் கடைத்தெருவில் தயிர் வாங்கியவர்கள்கூட எங்கள் வீட்டில் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிப் போவார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். வெளியில் காட்டிக்கொள்ள மாட்டேன்.

"எல்லாம் ஒரு நாளைக்குப் பிழைக்கும்" என்றேன்.

"அப்ப இப்பிடிச் செய்வம். வெள்ளிக்கிழம காலம தயிர் உறைஞ்சிரிந்தா என்ட சொல்லு. ஸஹன் வெக்கிற, சட்டித் தயிர் குடுக்கிற. நீங்க வாயத் திறக்கப்படாது. உறையாட்டி உங்கட சொல்லு. கோப்பையோ கரண்டியோ, நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் "உங்கட சொல்லு" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. எனக்கு உடம்பு புல்லரித்தது. "சரி" என்றேன். நேர்மையாக நடந்தால் தோற்றுவிடுவேன் என்பதும் அந்த நிமிடமே தெரிந்தது.

பின்னேரமே யோகட் என்னும் கம்பெனித் தயிர் பன்னிரண்டு கப் ஒரு பெட்டியாக வாங்கினேன். எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஸம்ஸியா கண்டுவிடுவாள். பக்கத்து வீட்டு ஜவுபரிடம் கொண்டுபோனேன். ஜவுபர் சாரன் துணி வியாபாரி. நாக்கு நீளம். ஆனால் ஆபத்துக்கு வேறு ஆள் இல்லை.

"இதென்ன சேர், ஒரு பெட்டி யோகட்?"

"வெள்ளிக்கிழமைக்கு. உன்ட வீட்டில இரிக்கட்டும். ஒருத்தருக்கும் மூச்சு விடாத."

"யோகட்டுக்குள்ளயும் பற்றீரியாதானே சேர்? நீங்கதான் எங்களுக்குப் படிப்பிச்ச."

"அது வேற. அது தொழிற்சாலைப் பற்றீரியா. அளந்து போட்டு, மூடி ஒட்டி, திகதி அடிச்சது."

"அப்ப அரசாங்க உத்தியோகப் பற்றீரியா எண்டு சொல்லுங்க."

அவனுக்குப் பரீட்சையில் நான் போட்ட முப்பத்தைந்து புள்ளி அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை. றிப்னா வேலைக்குப் போய்விட்டாள். ஸம்ஸியா ஸஹன் தட்டுகளை இரவல் எடுக்க ஒழுங்கையின் மறுகோடிக்குப் போனாள். வீட்டில் நானும் பற்றீரியாக்களும் மட்டும். அலுமாரிக்குள் சின்னச் சட்டியில் உறை இருந்தது. திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, ஒரு பாவமும் அறியாதது போல் இருந்தது.

வெளுக்கும் தூள், அது இதென்று எதையும் போட நான் பாவியில்லை. நாளைக்கு மனிதர் சாப்பிடுகிற சாமான். சுத்தமான விஞ்ஞான முறை ஒன்று இருக்கிறது. வெப்பம். ஒரு பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சின்னச் சட்டியை அதற்குள் இறக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் நின்றேன். பாடசாலையில் இதே பரிசோதனையை எத்தனை தடவை செய்திருப்பேன்! அப்போதெல்லாம் பற்றீரியாக்கள்மீது இரக்கம் வந்ததில்லை. இப்போது கொஞ்சம் வந்தது. கொத்து சாப்பிட்டது நான். தண்டனை இவற்றுக்கு. ஆனால் போர் என்றால் போர்தான்.

உறை திரிந்து மேலே தண்ணீரும் அடியில் கட்டியுமாகப் போயிற்று. கரண்டியால் நன்றாக அடித்துக் கலக்கினேன். சட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, துடைத்து, அலுமாரியில் அதே இடத்தில் வைத்தேன். ஸம்ஸியா வந்தபோது நான் பத்திரிகையில் மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

பின்னேரம் அவள் பாலைக் காய்ச்சி ஆறவைத்து மூன்று பெரிய சட்டிகளில் ஊற்றினாள். நான் பத்திரிகைக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுமாரியைத் திறந்தாள். உறைச் சட்டியைக் கையில் எடுத்தாள். திறந்து உள்ளே உற்றுப் பார்த்தாள்.  பிறகு சட்டிக்கு ஒரு கரண்டியாக மூன்றிலும் விட்டாள். என் இரண்டு கண்ணாலும் கண்டேன். செத்த உறை, மூன்று சட்டிக்கும்!

"பிஸ்மில்லாஹ் சொல்லிப் போட்டியா?" என்றேன், வெற்றியை அடக்க முடியாமல்.

"சொன்ன. நீங்க அஸருக்குப் போகல்லயா? பாங்கு சொல்லிட்டாங்க."

பள்ளிவாசலுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் கோப்பைகள் எந்த வரிசையில் வைப்பது என்றுதான் யோசனை. திரும்பி வந்தபோது மூன்று சட்டிகளும் துணியால் மூடிக் கிடந்தன. அடக்கத்துக்குக் காத்திருக்கும் மையித்துகளைப் போல் தெரிந்தன. எனக்கு அன்று நல்ல நித்திரை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்தேன். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, ஆறுதல் வார்த்தை இரண்டைத் தயாராக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

ஸம்ஸியா ஒரு சட்டியைத் தூக்கினாள். துணியை எடுத்தாள். என் முகத்துக்கு முன்னாலேயே சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டு விழவில்லை. தயிர் சுவர் மாதிரி நின்றது.

"மத்த ரெண்டையும் கவுக்கவா?"

"வேணாம்" என்றேன். 

அன்றைக்கு நான் பட்ட பாட்டை எழுதி முடியாது. தோற்றதுகூடப் பெரிதில்லை. எப்படி உறைந்தது? நூறு பாகைச் சூட்டில் பதினைந்து நிமிடம் அவிந்தது எழுந்து வந்து மூன்று சட்டிப் பாலை உறைய வைக்குமா? கேட்கவும் முடியாது. கேட்டால் "உறையாதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்பாள். தெரிந்ததைச் சொல்ல முடியாத மாணவனைக் கண்டிருக்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்க முடியாத ஆசிரியனை அன்றுதான் கண்டேன். ஜும்ஆவில் குத்பாப் பிரசங்கத்தில் ஒரு சொல் மண்டையில் ஏறவில்லை. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மண்டபத்தில் பாய் விரித்து ஸஹன் வைத்தாயிற்று. முதல் ஸஹனில் அப்துல் ஸமட், மாப்பிள்ளை பஹ்மி, அவர்கள் பக்கம் இரண்டு பேர், எங்கள் பக்கம் ஜவுபர், நான். பெண்கள் உள்ளே திரைக்கு அந்தப் பக்கம். பரிசோதகர் தட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார், மூக்கைச் சுளிப்பார் என்று கடைசி நம்பிக்கையோடு காத்திருந்தேன். அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு எல்லாருக்கும் முந்திக் கையைப் போட்டார்.

கடைசியில் தயிர் வந்தது. அவரே கரண்டியால் வெட்டி எடுத்து, வாழைப்பழத்தை உரித்து, சீனியைத் தூவி, பிசைந்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"மாஷா அல்லாஹ்! முப்பத்தொரு வருஷம் எத்தினையோ தயிர் சோதிச்சிரிக்கன். இப்பிடி ஒரு உறை காணல்ல."

"அது உறைய ஏலா" என்றது ஒரு குரல்.

என்னுடைய குரல்தான். முப்பத்திரண்டு வருட விஞ்ஞானம் என்னைக் கேட்காமலே வாயைத் திறந்துவிட்டது.

"ஏன் ஏலா சேர்?" அப்துல் ஸமட் நிமிர்ந்து பார்த்தார். பரிசோதகரின் கண் அது.

"நூறு பாகையில பதினைஞ்சு நிமிஷம் அவிச்ச உறை. அதில ஒண்டும் மிஞ்சேலா."

"ஆரு அவிச்ச?"

ஸஹனைச் சுற்றியிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. ஜவுபர் ஒரு வாழைப்பழத்தை வெகு கவனமாக உரிக்கத் தொடங்கினான்.  வெட்கத்தில் என் காது சுட்டது. பாயைச் சுருட்டி அதற்குள் என்னையும் சுருட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஸம்ஸியாவின் குரல் வந்தது. மரியாதை குறையாத, பதமான குரல்.

"றிப்னாட வாப்பா சொல்றது மெய்தான். அவங்க அவிச்ச உறை உறைய ஏலாதான். உறைச்சட்டியத் திறந்தா, காலமக் கெட்டியா இருந்த உறை மணல் மாதிரித் திரிஞ்சி கெடந்திச்சி. சூடு காட்டாம உறை அப்பிடித் திரியாது. ஆரு அவிச்சதெண்டு தெரிஞ்சிற்று. அவங்க பாத்துக்கிட்டிருந்ததால, அவங்கட மனசுக்கு அதையும் ஒரு கரண்டி விட்டன். அஸருக்குப் போனதும் பக்கத்து வீட்ட உறை வாங்கப் போன. இந்த ஒழுங்கையில எல்லா வீட்டிலயும் இரிக்கிறது என்ட உறைதானே. ஒரு வீட்டில செத்தா மத்த வீட்டில எடுக்கிற."

இதை நான் யோசிக்கவே இல்லை. யார் உறை கேட்டாலும் எங்கள் ஒழுங்கையில் இல்லை என்று சொல்வதில்லை. இருபத்தாறு வருடமாக ஸம்ஸியா வீடுவீடாக உறை கொடுத்திருக்கிறாள். அவளுடைய பற்றீரியாவை ஒழிக்க வேண்டுமானால் நான் முப்பது வீட்டு அலுமாரியில் ஏறி இறங்கிக் கொதிக்க வைத்திருக்க வேண்டும்.

"அப்ப இது பக்கத்து வீட்டு உறையா?" என்று கேட்டார் அப்துல் ஸமட்.

"இல்ல. ஜவுபர்ட பொண்சாதி நஸ்லின் உறை எடுக்க பிரிட்ஜத் திறந்தா, உள்ளுக்கு ஒரு பெட்டி யோகட். 'இது உங்கட சேர் ஒளிச்சி வெச்சது' எண்டா. சம்பந்தி வீட்டாருக்கு அவங்களும் ஆசையா ஏதோ வாங்கியிருக்காங்க, வீணாப் போகப்படாதெண்டு சட்டிக்கு ஒரு கப்பா மூண்டு கப் எடுத்து உறை விட்டன். தயிர் நல்லா இரிக்கிதெண்டா அந்தப் பேர் அவங்களுக்குத்தான்."

என் பற்றீரியா. மூடி ஒட்டி, திகதி அடித்த, உத்தியோகப் பற்றீரியா. என் பக்கம் சண்டை பிடிக்க நான் கூலிக்கு எடுத்த படை, அவள் சட்டிக்குள் இறங்கி அவளுக்காக இராப்பகலாக வேலை செய்திருக்கிறது.

அப்துல் ஸமட் சிரிக்கவில்லை. தலையை மெதுவாக ஆட்டினார்.

"சேர், நீங்க நல்லாத்தான் செஞ்சிரிக்கீங்க. ஒரு பிழைதான் விட்டிட்டீங்க. கட்டுப்பாட்டுச் சட்டி எங்க? உறையே விடாத பால் ஒரு சட்டி வெச்சி, ராத்திரி முழுக்கக் காவலும் இரிந்திரிக்கணும். பத்தாம் வகுப்புப் பாடம் இது."

பத்தாம் வகுப்புப் பாடம்! நான் முப்பத்திரண்டு வருடம் படிப்பித்த பாடம்! பஹ்மி குனிந்து சோற்றைப் பார்த்தான். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ஸஹனே குலுங்கியது. கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? போகும்போது சம்பந்தியார் திரைப்பக்கம் திரும்பி, "தங்கச்சி, அந்த உறையில எங்கட வீட்டுக்கும் கொஞ்சம் தாங்க" என்று கேட்டு ஒரு போத்தலில் வாங்கிக்கொண்டு போனார். சம்பந்தம் கெட்டியாகிவிட்டது. தயிரும்தான்.

பின்னேரம் சீனித்தம்பி அண்ணன் பால் கொண்டுவந்தார். ஸம்ஸியா பானையை அடுப்பில் வைத்து என் கையில் அகப்பையைத் தந்தாள்.

"இனி நீங்கதான் தயிர் போடுறது."

"நானா?"

"அவிக்கத் தெரிஞ்ச ஆளுக்குக் காய்ச்சவும் தெரியும்தானே. இன்னொண்டு. செவ்வாய்க்கிழம வயித்தால போனது ஏனெண்டும் எனக்குத் தெரியும். திங்கக்கிழம கழட்டிப் போட்ட சேட்டில கொத்து மணந்திச்சி. சட்டியில பழியப் போட்டா, சும்மா விட்டிருவனா?"

எல்லாம் தெரிந்திருக்கிறது. புதன்கிழமை நான் போர்ப் பிரகடனம் செய்வதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு மெய்யாகவே மனசு விட்டுப் போயிற்று. அகப்பையைப் பிடித்தபடி சொன்னேன்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான் ஸம்ஸியா. இந்த வீட்ட விட்டுப் பின்னறைக்குப் போக முந்தி, ஒரு நாளாவது என்ட சொல்லு எடுபடட்டும் எண்டு பாத்தன். ஒரு வீட்டுக்கு நடுவில தலைவன் எண்டு ஒருத்தன் வேணாமா?"

ஸம்ஸியா என்னைப் பார்த்தாள். கண்ணில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. என் தோளில் கிடந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"கரு இல்லாம அதுகள் முன்னூற்றைம்பது கோடி வருஷம் சீவிச்சிரிக்கி எண்டு நீங்கதானே சொன்ன. நாங்களும் சீவிப்பம். பால் பொங்கப் போகுது, அடுப்பக் குறைங்க."

குறைத்தேன்.